வார்ப்ளான் (1974): பழைய திட்டமிடும் நிரலை இன்றைய கணினியில் ஓட்ட உதவி தேவை

பாலக்கோடு_மாணவி

வணக்கம். தர்மபுரியில் முதுகலை கணினி அறிவியல் படிக்கிறேன். 1970களில் வந்த செயற்கை நுண்ணறிவுத் திட்டமிடும் நிரல் ஒன்றை (தொடக்க நிலையும் இலக்கும் கொடுத்தால், இலக்கை அடையும் படிகளை வரிசையாகத் தருவது) நிறுவி, ஓட்டி, நம் பக்கத்து உதாரணம் ஒன்றை அதில் செய்து காட்ட வேண்டும். இதுதான் ஆய்வுப் பாடத்துக்கு எனக்குக் கொடுத்த வேலை. ஸ்ட்ரிப்ஸ் என்ற நிரலை எடுக்கலாம் என்று தேடினேன். கிடைப்பதெல்லாம் யாரோ பைத்தானில் புதிதாக எழுதியவை. அசல் எங்கே இருக்கிறது? இல்லாவிட்டால் வேறு எதை எடுக்கலாம்?

கணினி: 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி, லினக்ஸ். வீட்டில் இணையம் போன் ஹாட்ஸ்பாட் வழியாகத்தான். அதனால் பெரிய பதிவிறக்கம் வேண்டாம்.

பர்கூர்_வாத்தியார்

ஸ்ட்ரிப்ஸை அப்படியே நிறுவும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஃபைக்ஸும் நில்சனும் 1971இல் வெளியிட்டது தனியாக எடுத்து ஓட்டும் நிரல் இல்லை. ஷேக்கி என்ற ரோபோவை நடத்திய பெரிய ஏற்பாட்டில் அது ஒரு பகுதி. லிஸ்ப் மொழி, பிடிபி-10 கணினி, தேற்றங்களை நிறுவும் இன்னொரு நிரல் என்று எல்லாவற்றின் மேலும் சாய்ந்துதான் அது நின்றது. இன்று ஸ்ட்ரிப்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறவற்றில் பெரும்பாலானவை அதன் கருத்தை வைத்துப் பின்னால் எழுதியவை.

உங்களுக்கு நான் சொல்வது வார்ப்ளான். எடின்பரோவில் டேவிட் வாரன் 1974இல் ப்ரோலாக் மொழியில் எழுதியது. ப்ரோலாக்கே அப்போது புதுசு. மார்சேயில் கொல்மரோவும் ரூசெலும் அதை உருவாக்கி ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வார்ப்ளான் மொத்தமே ஏறக்குறைய நூறு வரி. ஒரு மாலையில் கையாலேயே தட்டச்சு செய்துவிடலாம். அந்தக் காலத்துத் திட்டமிடும் நிரல்களில் முழுதாகப் படித்து, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று விளங்கிக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான் என்பேன். ஆய்வுப் பாடத்துக்கு அதுதானே வேண்டும்?

ஓட்டுவதற்கு எஸ்டபிள்யூஐ-ப்ரோலாக் போதும். யான் வீலமேக்கர் 1987இல் தொடங்கியது, இன்றும் பராமரிப்பில் இருக்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் தொகுப்புப் பட்டியலிலேயே உண்டு. வரைகலை இல்லாத தொகுப்பை எடுத்தால் உங்கள் ஹாட்ஸ்பாட் தாங்கும்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்

"அந்தக் காலத்து" என்றால் நிஜமாகவே அந்தக் காலத்து இயந்திரத்தில் ஓட்ட வேண்டாமா? எம்ஐடியின் ஐடிஎஸ் இயங்குதளத்தை இன்றைக்கும் பிடிபி-10 எமுலேட்டரில் எழுப்பலாம். டெர்ரி வினோகிராட் எழுதிய ஷ்ர்ட்லு அதில் ஓடும். பெட்டிகளை எடுத்து அடுக்கும் அந்த நிரலுக்குள்ளே மைக்ரோ-பிளானர் என்ற திட்டமிடும் மொழி இருக்கிறது. கருப்புத் திரை, பச்சை எழுத்து. பார்க்கவே தனி சுகம்.

பர்கூர்_வாத்தியார்

சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இயங்குதளத்தைக் கட்டி எழுப்பவே பொறுமை வேண்டும், அப்புறம் அதன் கட்டளைகளைப் பழக வேண்டும். செமஸ்டர் முடிந்துவிடும். விடுமுறையில் விளையாட வைத்துக்கொள்ளலாம்.

பாலக்கோடு_மாணவி

நன்றி சார். ப்ரோலாக் நிறுவியாயிற்று, அதில் சிக்கல் இல்லை. பழைய பாடநூல் ஒன்றில் வார்ப்ளான் முழுதும் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஏற்றினால் வரிசையாகப் பிழை:

முதலில், "இல்லை" என்ற பொருளில் வரும் நாட் உள்ள வரிகளில் எல்லாம் தொடரியல் பிழை, அந்த இடத்தில் ஒரு ஆபரேட்டர் வேண்டும் என்கிறது.

அடுத்து, ஒரே பெயருள்ள விதிகள் கோப்பில் ஒன்றாக இல்லை என்று நிறைய எச்சரிக்கைகள்.

இவற்றைத் தாண்டி ஓட விட்டால், எனக்குத் தேவையே இல்லாத ஒரு விதியின் பெயரைச் சொல்லி, அப்படி ஒரு புரொசீஜர் தெரியாது என்று நின்றுவிடுகிறது. உதாரணத்தில் நான் எழுதாத விதி அது. புத்தகத்திலும் அந்த உதாரணத்துக்கு அது இல்லை.

தொப்பூர்_கணவாய்

மூன்றுமே நிரலின் குறை இல்லை, காலம் மாறியதன் விளைவு.

நாட்: அந்தக் காலத்து ப்ரோலாக்கில் அதை முன்னால் போட்டு அடைப்புக்குறி இல்லாமல் எழுதலாம். இன்றைய எஸ்டபிள்யூஐயில் அது ஆபரேட்டர் இல்லை. அதற்குப் பதில் \+ என்ற குறியைப் போடுங்கள். தேடி மாற்றினால் முடிந்தது.

தெரியாத புரொசீஜர்: இதுதான் எல்லோரையும் படுத்துவது. பழைய எடின்பரோ ப்ரோலாக்கில் இல்லாத விதியை அழைத்தால் பேசாமல் "பொய்" என்று திரும்பிவிடும். வாரன் அதை நம்பித்தான் எழுதியிருக்கிறார். "ஒருபோதும் நடக்காத சேர்க்கைகள் உண்டா?" என்று நிரல் கேட்கும். உங்கள் உதாரணத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை என்றால், இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். இன்றைய ப்ரோலாக் அதே இடத்தில் பிழை எழுப்புகிறது.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. தெரியாத விதி வந்தால் தோற்றுவிடு என்று மொத்தத்துக்கும் ஒரு கொடியை (ஃபிளாக் என்ற அமைப்பை) மாற்றலாம். ஆனால் அதைச் செய்தால் எஸ்டபிள்யூஐயே எச்சரிக்கும்: மேம்பாட்டுக் கருவிகள் பலவும் வேலை செய்யாது என்று. நல்ல வழி, உதாரணக் கோப்பில் வரக்கூடிய ஆறு விதிப் பெயர்களையும் நிரலின் தலைப்பில் டைனமிக் என்று அறிவித்துவிடுவது. அப்போது ஒரு வரிகூட எழுதாத விதியும் பிழை தராமல் தோற்கும்.

ஒன்றாக இல்லாத விதிகள்: வெறும் எச்சரிக்கைதான். சேர்க்கும் விதியும் நீக்கும் விதியும் செயல்வாரியாக மாறி மாறி வருவதால் சொல்கிறது. பொருட்படுத்த வேண்டாம். அல்லது ஒரே பெயருள்ளவற்றை ஒன்றாக நகர்த்திவிடுங்கள். நான் நகர்த்துவேன். படிக்கவும் எளிது.

இன்னொன்றும் பாருங்கள். நிரலில் படிகளைக் கோக்க => என்ற குறி வரும். எஸ்டபிள்யூஐயின் புதிய பதிப்புகளில் அதே குறிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள், விதி எழுதவே அதைப் பயன்படுத்தலாம். கோப்பின் தலையில் அதை 650 முன்னுரிமையில், இடப்பக்கம் சேரும் குறியாக அறிவிக்கும் வரி அசலிலேயே இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். & குறிக்கு 700, வலப்பக்கம் சேர்வது.

பாலக்கோடு_மாணவி

நான்கும் செய்தேன், எந்தப் பிழையும் இல்லாமல் ஏறிவிட்டது. மிக்க நன்றி அண்ணா.

அடுத்த கேள்வி. உதாரணத்தைத் தமிழிலேயே எழுத முடியுமா? விதிப் பெயர், பொருள் பெயர் எல்லாம். துறையில் காட்டும்போது எல்லோருக்கும் படிக்க வரும்.

தொப்பூர்_கணவாய்

முடியும். எஸ்டபிள்யூஐ யூனிகோடைப் புரிந்துகொள்ளும். தமிழ் எழுத்தில் தொடங்கும் சொல்லை அது மாறிலியாகவே எடுத்துக்கொள்ளும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. அதனால் மாறி வேண்டும் என்றால் அடிக்கோட்டில் தொடங்க வேண்டும். _பெட்டி என்றால் மாறி, பெட்டி என்றால் பெட்டியேதான். கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். விண்டோஸில் திறக்க வேண்டிவந்தால் கோப்பின் முதல் வரியில் அந்தக் குறியாக்கத்தை அறிவித்துவிடுங்கள்.

நிரலின் உள்வேலை விதிகளை அப்படியே விடலாம். உதாரணம் தொடும் ஆறு பெயர்களை மட்டும் இரண்டு பக்கமும் மாற்றினால் போதும்.

பாலக்கோடு_மாணவி

மாற்றிவிட்டேன். எங்கள் ஊர் தக்காளி மண்டியில் பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பாடத்தில் வரும் கட்டைகளுக்குப் பதில் அவற்றை வைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கிரேட். நீலம் சிவப்பின்மேல் இருக்கிறது, பச்சை தனியாகத் தரையில். கடைசியில் வேண்டியது: கீழே நீலம், நடுவில் பச்சை, மேலே சிவப்பு. கீழே நகர்த்து(_அ,_ஆ,_இ) என்றால், _அ என்பதை _ஆ மேலிருந்து எடுத்து _இ மேல் வைப்பது.

சேர்க்கும்(மேல்(_அ,_இ), நகர்த்து(_அ,_ஆ,_இ)).
சேர்க்கும்(காலி(_ஆ), நகர்த்து(_அ,_ஆ,_இ)).

நீக்கும்(மேல்(_அ,_எ), நகர்த்து(_அ,_ஆ,_இ)).
நீக்கும்(காலி(_இ), நகர்த்து(_அ,_ஆ,_இ)).

முடியும்(நகர்த்து(_அ,_ஆ,தரை), மேல்(_அ,_ஆ) & வேறு(_ஆ,தரை) & காலி(_அ)).
முடியும்(நகர்த்து(_அ,_ஆ,_இ), காலி(_இ) & மேல்(_அ,_ஆ) & வேறு(_அ,_இ) & காலி(_அ)).

நடக்காது(மேல்(_அ,_ஆ) & காலி(_ஆ)).
நடக்காது(மேல்(_அ,_ஆ) & மேல்(_அ,_இ) & வேறு(_ஆ,_இ)).
நடக்காது(மேல்(_அ,_அ)).

கொடுத்தது(தொடக்கம், மேல்(சிவப்பு,தரை)).
கொடுத்தது(தொடக்கம், மேல்(பச்சை,தரை)).
கொடுத்தது(தொடக்கம், மேல்(நீலம்,சிவப்பு)).
கொடுத்தது(தொடக்கம், காலி(பச்சை)).
கொடுத்தது(தொடக்கம், காலி(நீலம்)).

இலக்கு: மேல்(சிவப்பு,பச்சை) & மேல்(பச்சை,நீலம்)

வந்த விடை:

தொடக்கம் => நகர்த்து(நீலம்,சிவப்பு,தரை) => நகர்த்து(பச்சை,தரை,நீலம்) => நகர்த்து(சிவப்பு,தரை,பச்சை)

என்டர் தட்டிய கையோடு வந்துவிட்டது! இதில் என்ன பெரிய விஷயம் என்று துறையில் கேட்பார்கள். என்ன சொல்வது?

பர்கூர்_வாத்தியார்

நீங்கள் எடுத்திருப்பது சஸ்மன் முரண் என்று பெயர் வாங்கிய கணக்கு. ஜெரால்ட் சஸ்மன் ஹேக்கர் என்று பெயரிட்ட தன் திட்டமிடும் நிரலை எழுதியபோது 1973 வாக்கில் அலசப்பட்டது. மூன்றே பெட்டி, மூன்றே படி. அப்போதைய நிரல்கள் இதில் தடுமாறின.

காரணம் இது. இலக்கு இரண்டு. ஸ்ட்ரிப்ஸ் போன்றவை ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடும். முதலில் "சிவப்பு பச்சையின்மேல்" என்பதை எடுத்தால்: நீலத்தை இறக்கு, சிவப்பைப் பச்சையின்மேல் வை. முடிந்தது. அடுத்து "பச்சை நீலத்தின்மேல்". பச்சையைத் தூக்க முடியாது, அதன் தலையில் சிவப்பு. முடித்ததைக் கலைக்க வேண்டும். சரி, வரிசையை மாற்றிப் பார்ப்போம். முதலில் பச்சையை நீலத்தின்மேல் வைத்தால், அடியில் சிவப்பு மாட்டிக்கொள்கிறது. மறுபடியும் கலைக்க வேண்டும். எந்த வரிசையில் போனாலும், ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்ற முறையில் நேர்த்தியான விடை வராது.

வாரன் செய்த தந்திரம் என்ன என்றால், புதிய படியைத் திட்டத்தின் கடைசியில்தான் ஒட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார். கடைசியில் ஒட்ட முடியாவிட்டால் ஒரு படி பின்னால் போய், அதற்கு முன்னால் நுழைக்கப் பார்க்கும். நுழைப்பதால் ஏற்கெனவே சாதித்த எதுவும் கெடுகிறதா என்று சோதிக்கும். உங்கள் விடையில் நடுப்படி, அதாவது பச்சையை நீலத்தின்மேல் வைப்பது, கடைசியாக யோசிக்கப்பட்டது. ஆனால் நடுவில் நுழைந்திருக்கிறது. நிரலில் சாதிக்கும் விதி இரண்டு வாக்கியமாக இருக்கும், பாருங்கள். முதல் வாக்கியம் கடைசியில் ஒட்டுவது, இரண்டாவது முன்னால் நுழைப்பது. மொத்த நிரலின் உயிரும் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. துறையில் அதைத் திரையில் போட்டுக் காட்டுங்கள்.

மண்டி_கணக்கு

நான் மண்டியில்தான் இருக்கிறேன் கண்ணு. படிக்கப் படிக்க சுவையாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று கிரேட்டை மாற்றி அடுக்க எங்கள் ஆளுக்கு யாரும் திட்டம் போட்டுத் தர வேண்டியதில்லை. லோடு எப்போது கிளம்பும், எந்த வழியில் போகும், வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது, இதைச் சொல்லுமா உங்கள் நிரல்?

பாலக்கோடு_மாணவி

அண்ணா, அதையும் செய்து பார்க்கிறேன். பாலக்கோட்டில் நிற்கிற குட்டியானை ஓசூருக்குப் போக வேண்டும், இதை மட்டும் முதலில்.

...

செய்தேன். பதிலே வரவில்லை. மின்விசிறி கத்துகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டேக் எல்லை 1 ஜிபி தாண்டிவிட்டது என்று நிற்கிறது. இவ்வளவுதான் எழுதினேன்:

சேர்க்கும்(இடம்(_வ,_ஆ), ஓட்டு(_வ,_அ,_ஆ)).
நீக்கும்(இடம்(_வ,_எ), ஓட்டு(_வ,_அ,_ஆ)).
முடியும்(ஓட்டு(_வ,_அ,_ஆ), சாலை(_அ,_ஆ) & இடம்(_வ,_அ)).

எப்போதும்(சாலை(கிருஷ்ணகிரி,ஓசூர்)).
எப்போதும்(சாலை(ஓசூர்,கிருஷ்ணகிரி)).
எப்போதும்(சாலை(ராயக்கோட்டை,ஓசூர்)).
எப்போதும்(சாலை(ஓசூர்,ராயக்கோட்டை)).
எப்போதும்(சாலை(பாலக்கோடு,ராயக்கோட்டை)).
எப்போதும்(சாலை(ராயக்கோட்டை,பாலக்கோடு)).
(தர்மபுரி, கிருஷ்ணகிரி சாலைகளும் இதேபோல் இரு திசைக்கும்)

கொடுத்தது(தொடக்கம், இடம்(குட்டியானை,பாலக்கோடு)).

சாலை தவறா?

ஓசூர்_நைட்ஷிஃப்ட்

ஒரே வண்டி இரண்டு ஊரில் இருக்க முடியாது என்று "நடக்காது" விதி எழுதவில்லையே. அதைச் சேர்த்தால் நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

தொப்பூர்_கணவாய்

அந்த விதி இருக்க வேண்டியதுதான். ஆனால் இந்தச் சுற்றலை அது நிறுத்தாது. "நடக்காது" விதி, ஏற்கெனவே சாதித்துப் பாதுகாப்பில் வைத்திருப்பவற்றோடு மோதும்போதுதான் வேலை செய்யும். இங்கே எதுவுமே இன்னும் சாதிக்கப்படவில்லை. நிரல் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கையால் ஓட்டிப் பார்ப்போம். இலக்கு ஓசூர். ஓசூருக்கு வரும் சாலை எது? பட்டியலில் முதலில் இருப்பது கிருஷ்ணகிரி. அப்படியானால் வண்டி கிருஷ்ணகிரியில் இருக்க வேண்டும். இல்லை. கிருஷ்ணகிரிக்கு வரும் சாலை எது? பட்டியலில் முதலில் இருப்பது ஓசூர். வண்டி ஓசூரில் இருக்க வேண்டும். இல்லை. ஓசூருக்கு வரும் சாலை எது? கிருஷ்ணகிரி... விடிய விடிய அந்த நாற்கர சாலையிலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். ப்ரோலாக் ஆழம் நோக்கித் தேடுகிறது. ஒரு கிளை முடியாமல் அடுத்த கிளையைத் திரும்பிப் பார்க்காது. அந்தக் கிளையோ முடிவதே இல்லை.

இப்போது நிபந்தனைகளின் வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள்:

முடியும்(ஓட்டு(_வ,_அ,_ஆ), இடம்(_வ,_அ) & சாலை(_அ,_ஆ)).

பாலக்கோடு_மாணவி

தொடக்கம் => ஓட்டு(குட்டியானை,பாலக்கோடு,ராயக்கோட்டை) => ஓட்டு(குட்டியானை,ராயக்கோட்டை,ஓசூர்)

உடனே வந்துவிட்டது! இரண்டு நிபந்தனையும் உண்மையாக இருந்தால் போதும் என்பதுதானே தர்க்கம்? அதற்கு வரிசை எதற்கு?

தொப்பூர்_கணவாய்

தர்க்கத்துக்கு வரிசை வேண்டாம், தேடலுக்கு வேண்டும். "இடம்" முதலில் வந்தால், வண்டி எங்கே என்ற கேள்விக்கு முதல் விடை தொடக்க நிலையிலிருந்தே கிடைக்கும், பாலக்கோடு. அங்கிருந்து ஓசூருக்கு நேர்ச்சாலை உண்டா? உங்கள் பட்டியலில் இல்லை. அப்போது ஒரு படி சேர்த்துப் பார்க்கும்: பாலக்கோட்டிலிருந்து ஒரு ஊர், அங்கிருந்து ஓசூர். ராயக்கோட்டை பொருந்துகிறது. இந்த உதாரணத்தில் குறைந்த படி உள்ள திட்டம் முதலில் வருவது இதனால்தான். ஆனால் இது எல்லா உதாரணத்துக்கும் உத்தரவாதம் இல்லை. போகவே சாலை இல்லாத ஊரைக் கேட்டுப் பாருங்கள். "முடியாது" என்று சொல்லாது, தேடிக்கொண்டே இருக்கும்.

இதை ஆய்வறிக்கையில் தனிப் பகுதியாகவே எழுதலாம். விதிகளை மட்டும் சொன்னால் போதும், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. நடைமுறையில் தேடலைப் பற்றி ஒரு கண் வைத்துக்கொண்டேதான் விதியை எழுத வேண்டியிருக்கிறது.

மண்டி_கணக்கு

ராயக்கோட்டை வழிதான் நாங்களும் போவது. சரி, நிரலுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. ஆனால் அது கிருஷ்ணகிரி போய் சுற்றினால் டீசலும் சுங்கமும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று தெரிந்து இந்த வழியைத் தேர்ந்ததா?

பர்கூர்_வாத்தியார்

இல்லை. வார்ப்ளானுக்குச் செலவு என்ற ஒன்றே தெரியாது. கிடைத்த முதல் திட்டத்தைக் கொடுக்கும். உங்கள் வழியோடு பொருந்தியது, சாலைகளின் அமைப்பு அப்படி இருப்பதால்.

செலவு வேண்டும் என்றால் அடுத்த தலைமுறைக்கு வர வேண்டும். 1998இல் டிரூ மெக்டெர்மாட் தலைமையில் பிடிடிஎல் என்ற பொது எழுத்துமுறை வந்தது. திட்டமிடும் நிரல்களுக்குப் போட்டி நடத்துவதற்காகவே உருவானது. எல்லோரும் ஒரே முறையில் கணக்கை எழுதிக் கொடுத்தால்தானே யாருடைய நிரல் முந்துகிறது என்று பார்க்க முடியும்? ஒவ்வொரு செயலுக்கும் விலை போடும் வசதி பின்னால் சேர்ந்தது. மால்டே ஹெல்மெர்ட் தொடங்கிய ஃபாஸ்ட் டவுன்வார்டு நிரலிடம் அதே சாலைப் பட்டியலை விலையோடு கொடுத்தால், அதற்கேற்ற தேடல் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது மிகக் குறைந்த செலவுள்ள வழியையே தரும். சுவாரசியம் என்னவென்றால், அதிலும் செயலை விவரிப்பது இதே முறையில்தான்: நிபந்தனை, சேர்ப்பது, நீக்குவது. 1971இல் ஸ்ட்ரிப்ஸ் போட்ட அச்சு அப்படியே நிற்கிறது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்

அவர் கேட்ட இன்னொரு கேள்வியை விட்டுவிட்டீர்களே, வழியில் வண்டி நின்றால்?

பர்கூர்_வாத்தியார்

வார்ப்ளான் கை விரித்துவிடும். திட்டம் போட்டுக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் ஷேக்கிக் குழுவினருக்கு இந்தக் கவலை அப்போதே இருந்தது. ரோபோ நிஜ அறைகளில் நிஜப் பெட்டிகளைத் தள்ளியது, சக்கரம் வழுக்கும், நினைத்த இடத்தில் நிற்காது. அதனால் ஃபைக்ஸ், ஹார்ட், நில்சன் மூவரும் 1972இல் திட்டத்தை முக்கோண அட்டவணை என்ற வடிவில் சேமித்தார்கள். எந்தப் படிக்கு எந்த முந்தைய படியின் பலன் தேவை என்று அதில் தெரியும். பிளானெக்ஸ் என்ற துணை நிரல் ஒவ்வொரு படிக்கும் பின்னால் அட்டவணையைப் பார்த்து, மீதித் திட்டம் இன்னும் செல்லுமா, எந்தப் படியிலிருந்து தொடரலாம் என்று முடிவெடுக்கும். எதிர்பாராத நல்லது நடந்திருந்தால் நடுவில் சில படிகளைத் தாண்டியும் போகும். அந்த ரோபோ இப்போது கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மண்டி_கணக்கு

இது நியாயமான பேச்சு. எங்கள் டிரைவர் ராயக்கோட்டையில் நின்று போன் செய்வதும் அதற்குத்தான்.

இன்னொரு சந்தேகம். தக்காளி நின்ற இடத்திலேயே பழுத்துக்கொண்டிருக்கும். பச்சையாக ஏற்றினால் போகும்போது சிவந்துவிடும். யாரும் தொட வேண்டியதில்லை. அது உங்கள் நிரலில் எங்கே வரும்?

தொப்பூர்_கணவாய்

அண்ணா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். வராது.

ஸ்ட்ரிப்ஸும் வார்ப்ளானும் நிற்பது ஒரே அனுமானத்தின்மேல்: ஒரு செயல் "நீக்கும்" என்று சொல்லாத எதுவும் மாறாமல் அப்படியே இருக்கும். அந்த அனுமானம் ஒரு பெரிய தொல்லையைத் தீர்க்க வந்தது. 1969இல் மெக்கார்த்தியும் ஹேய்ஸும் எழுப்பிய சட்டகச் சிக்கல் அது. குட்டியானை ராயக்கோட்டைக்குப் போனால், கிரேட்டின் நிறம் மாறாது, தர்மபுரியில் நிற்கும் லாரி நகராது, மண்டியின் கதவு மூடாது என்று மாறாத ஒவ்வொன்றையும் தர்க்க வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தால் முடியுமா? ஸ்ட்ரிப்ஸ் அதை ஒரே போடாகத் தீர்த்தது: சொன்னது மாறும், சொல்லாதது மாறாது. வார்ப்ளானில் அந்த அனுமானம் எங்கே என்று தேட வேண்டியதில்லை, "நீக்கும்" விதி தோற்றால் அந்த உண்மை பிழைத்தது என்று எடுத்துக்கொள்ளும் ஒரே இடம்தான். ப்ரோலாக்கின் "நிறுவ முடியாவிட்டால் பொய்" என்ற பழக்கம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்திப்போயிற்று.

அந்த உலகத்தில் யாராவது ஏதாவது செய்தால்தான் எதுவும் மாறும். கட்டைக்கு அது சரி. தக்காளிக்கு ஒவ்வாது, ஓசூர் ரோஜாவுக்கும் ஒவ்வாது. நேரம் கழியும் என்பதே அதற்குத் தெரியாது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக் கூழ் ஆலைகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பழத்துக்கு என்ன ஆகிறதோ, அது அந்த விதிகளில் எழுதவே முடியாத ஒன்று. "காத்திரு" என்று ஒரு செயலை எழுதி, அது "பச்சை" என்பதை நீக்கி "சிவப்பு" என்பதைச் சேர்க்கும் என்று ஒப்பேற்றலாம். ஆனால் வண்டி ஓடும்போதும் பழுக்குமே? ஒவ்வொரு செயலுக்குள்ளும் பழுப்பதை எழுத வேண்டிவரும். மறுபடியும் பழைய சிக்கலுக்கே வந்துவிட்டோம்.

மரியா ஃபாக்ஸும் டெரிக் லாங்கும் பின்னால் இதற்கு வழி செய்தார்கள். 2003இல் வந்த பிடிடிஎல் 2.1இல் செயல்களுக்குக் கால அளவு உண்டு. அதற்கடுத்த பிடிடிஎல் பிளஸ்ஸில் யாரும் செய்யாமல் தானாக நடக்கும் மாற்றங்களையும் எழுதலாம். தக்காளி அங்கேதான் வரும்.

பாலக்கோடு_மாணவி

அப்படியானால் என் உதாரணத்தைக் கட்டைக்கே மாற்றிவிடட்டுமா? தக்காளி என்று சொல்லிவிட்டுப் பழுப்பதை விட்டுவிட்டால் கேள்வி வரும்.

தொப்பூர்_கணவாய்

மாற்றாதீர்கள்! கேள்வி வரட்டும். கட்டையை வைத்தால் நிரல் எல்லாவற்றையும் சரியாகச் செய்வதாகத் தோன்றும், எங்கே நிற்கும் என்று தெரியாது. கிரேட் அடுக்குவது, வண்டி ஓட்டுவது, பழுப்பது என்று மூன்று பகுதியாகப் போடுங்கள். முதலாவதில் வார்ப்ளான் தன் காலத்து நிரல்களை முந்துகிறது. இரண்டாவதில் விதி எழுதும் வரிசையைப் பொறுத்து ஓடுகிறது அல்லது சுற்றுகிறது. மூன்றாவது அதன் மொழியிலேயே இல்லை. நூறு வரி நிரல் ஒன்றை வைத்து இதற்குமேல் என்ன காட்ட வேண்டும்?

பர்கூர்_வாத்தியார்

ஆமோதிக்கிறேன். ஒரு சின்ன யோசனை: இரண்டாம் பகுதியில், ஓடும் ஒவ்வொரு படியையும் காட்டும் ப்ரோலாக்கின் டிரேஸ் வசதியைப் போட்டு, வண்டி ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சுற்றுவதைத் திரையில் சில வரி காட்டிவிட்டு நிறுத்துங்கள். கன்ட்ரோல்-சி தட்டி, வரும் கேள்விக்கு ஆங்கில a எழுத்தைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். ஸ்டேக் நிரம்பும்வரை விட்டால் 4 ஜிபி மடிக்கணினி திணறும். ஸ்டேக் எல்லையையும் தொடங்கும்போதே குறைத்துக் கொடுக்கலாம், கட்டளை வரியில் அதற்கு ஒரு தேர்வு உண்டு.

பாலக்கோடு_மாணவி

செய்கிறேன் சார். கிரேட்டை வண்டியில் ஏற்றவும் இறக்கவும் செயல்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டியில் இருக்கும் கிரேட் வண்டியோடு சேர்ந்து நகர வேண்டும். "ஓட்டு" செயலில் ஒவ்வொரு கிரேட்டுக்கும் இடம் மாறுகிறது என்று எழுத வேண்டுமா?

தொப்பூர்_கணவாய்

வேண்டாம். கிரேட் வண்டியில் இருக்கும்வரை அதற்கு ஊர் கிடையாது, உள்ளே(_கிரேட்,_வண்டி) மட்டும்தான். "ஏற்று" ஊரை நீக்கி "உள்ளே" சேர்க்கும், "இறக்கு" அதைத் திருப்பிச் செய்யும். இறக்கும்போது வண்டி எந்த ஊரில் இருக்கிறதோ அதுவே கிரேட்டின் ஊர். இரண்டிலும் நிபந்தனையில் "இடம்" முன்னால் வரட்டும். சாலை, எடை போன்ற மாறாத செய்திகள் பின்னால்.

மண்டி_கணக்கு

எடை என்றதும் ஞாபகம் வந்தது, குட்டியானையில் அளவுக்கு மேல் ஏற்றச் சொல்லித் திட்டம் போட்டுவிடாதே கண்ணு. அதையும் "நடக்காது" பட்டியலில் எழுதி வை.